அவர் வாய்க்கு நான் காவல்

எனக்கு எழுபத்தெட்டு வயது. பெற்றது ஐந்து, வளர்த்தது ஏழு. அந்த மேல் இரண்டும் ஒன்றுவிட்ட கொழுந்தனார் பிள்ளைகள். தாயும் தகப்பனும் போன பிறகு என் மடியில் வந்து விழுந்தவை. ஏழும் ஆளாகிவிட்டன. ஏழு வீட்டிலும் எனக்குச் சோறு இருக்கிறது. பெருமைக்குத்தான் சொல்கிறேன். பெருமைப்படக் காரணம் இருக்கிறவள் பட்டுக்கொண்டால் யாருக்கு என்ன நஷ்டம்?

படிப்பு என்று பார்த்தால் பெரிதாக ஒன்றும் இல்லை. எழுத்துக் கூட்டி பஸ் போர்டு படிப்பேன், கையெழுத்துப் போடுவேன். மருந்து பாட்டில் மேலே எழுதியிருப்பது எனக்கு வராது. ஆனால் பாட்டிலுக்குள் இருப்பதை ஒரு மனுஷன் தொண்டையில் எப்படி இறக்குவது என்று எனக்குத் தெரியும். அதைத் தெரிந்துகொள்ள நான் பட்டது கொஞ்சம் இல்லை.

வயதானால் கோபம் அடங்கிவிடும் என்கிறார்கள். யாருக்கு அடங்கியதோ தெரியாது. போன மாசம் எங்கள் தெருவில் கை கால் விழுந்து படுத்திருந்த ஒரு பெரியவருக்கு, அவர் மகன் இருமல் மருந்து கொடுத்திருக்கிறான். படுத்தவரைப் படுத்தபடியே வைத்து, தலையை அண்ணாத்தி, மூடி நிறைய ஊற்றியிருக்கிறான். புரை ஏறி, சளி கட்டி, அந்த வாரமே முடிந்துவிட்டது. துக்கம் கேட்கப் போன இடத்தில் எல்லோரும் விதி என்றார்கள். நானும் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்துவிட்டு எழுந்து வந்தேன். வீட்டுக்கு வந்து வாசல் கதவை அறைந்து சாத்தினேன். துக்கத்தில் இல்லை, ஆத்திரத்தில்.

என் வீட்டுக்காரருக்கும் இதேதான் நடந்தது. அவருக்கு நடக்க இருந்தது என்று சொல்ல வேண்டும். நான் நடக்க விடவில்லை.

அது இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கம் முழுக்கப் போராட்டம் நடந்த காலம். ஊருக்கு ஊர் கூட்டம், கொடி, ஊர்வலம். கேட்டது நியாயம்தான். படித்த பிள்ளைகள் கரும்பு வெட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த நியாயத்தின் பலனை என் வீட்டிலும் இரண்டு பேர் பின்னால் அனுபவித்தார்கள், இல்லை என்று சொல்ல மாட்டேன். எங்கள் ஊர் தியாகதுருகத்துக்கும் கள்ளக்குறிச்சிக்கும் நடுவில், பெரிய ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. கரும்பும் நெல்லும்தான் பிழைப்பு.

கரும்புக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர், மண்வெட்டியோடு வாய்க்காலில் உட்கார்ந்துவிட்டார். வலது கை, வலது கால் இரண்டும் செத்துப் போய்விட்டன. வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டது. பேசினால் வாயில் கூழை வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி இருந்தது. ஐம்பதுகூட ஆகவில்லை அவருக்கு. கள்ளக்குறிச்சியில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அங்கே ஒரு தடவை வலிப்பும் வந்துவிட்டது.

ஆஸ்பத்திரிக்கு அவருடைய பெரியப்பா மகன் பார்க்க வந்தார். எனக்கு மூத்தார் முறை. எங்கள் பக்கம் மூத்தார் எதிரில் தம்பி பெண்டாட்டி நின்று பேசக் கூடாது. அவர் உள்ளே வந்தால் நான் சுவரோரம் போய்விடுவேன். ஏதாவது சொல்வதாக இருந்தாலும் நடுவில் ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டுதான் சொல்வேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவரிடம் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. அவர் கையில் ஒரு கோலி சோடா. தம்பிக்கு நாக்கு வறண்டு கிடக்கிறது என்று அவராகவே முடிவு செய்து, உடைத்து, படுத்திருந்தவர் வாயில் சாய்த்துவிட்டார். இவர் இருமின இருமலில் கட்டில் ஆடிற்று. அந்த நேரம் பார்த்து டாக்டரம்மா உள்ளே வந்தார். சோடா ஊற்றினவர் வராந்தாவுக்கு நழுவிவிட்டார். திட்டு முழுவதும் எனக்கு.

"புருஷனை உயிரோட வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகணுமா வேணாமா?" என்று கேட்டார்.

என்னைவிடப் பத்து வயதாவது சின்னவர்தான் அந்த அம்மா. எனக்குப் பதிலுக்குப் பேசத் தெரியாமல் இல்லை. காரியம் என்னுடையது, அதனால் வாயை மூடிக்கொண்டேன். படிக்காதவள் என்பதற்காகவோ என்னவோ எல்லாவற்றையும் உரக்கக் கத்திச் சொன்னார். எனக்குக் காது நன்றாகவே கேட்கும். ஆனால் சொன்னது அத்தனையும் சரி. இன்றைக்கும் அது எனக்கு அப்படியே இருக்கிறது.

தொண்டைக்குள் இரண்டு வழி இருக்கிறதாம். ஒன்று சோற்றுக்கு, ஒன்று மூச்சுக்கு. நாம் விழுங்கும்போது மூச்சு வழி தானாக மூடிக்கொள்ளும். இந்த நோய் வந்தவர்களுக்கு அந்த மூடி சோம்பிப் போய்விடுகிறது. கெட்டியாக உள்ளதைவிடத் தண்ணீராக உள்ளதுதான் அதை ஏமாற்றிவிட்டு நெஞ்சுக்குள் ஓடும். நாம் தண்ணீர்தானே என்று நினைப்போம், அந்தத் தண்ணீர்தான் ஆளைக் கொல்லும். தலையை அண்ணாத்தினால் மூச்சு வழியை நாமே திறந்துவிட்டு ஊற்றுகிற மாதிரி. மூக்கைப் பிடித்தால் கேட்கவே வேண்டாம்.

அவருக்கு மாத்திரை விழுங்க வராததால் வலிப்பு வராமலிருக்க ரோஸ் நிறத்தில் ஒரு பாட்டில் மருந்து கொடுத்தார். அடியில் தங்கிவிடும், நன்றாகக் குலுக்க வேண்டும். அளவு மூடியில் அளந்துகொண்டு, சின்னக் கரண்டியால்தான் கொடுக்க வேண்டும். முதலில் ஆள் முழு விழிப்பில் இருக்கிறாரா என்று பார்க்க வேண்டும். தூக்கக் கலக்கத்தில் கொடுக்கவே கூடாது. சாப்பிட உட்காருவதுபோல் நிமிர்த்தி உட்காரவைத்து, தாடையைக் கொஞ்சம் மார்புப் பக்கம் தாழ்த்திக்கொள்ளச் சொல்ல வேண்டும். நல்லா இருக்கிற பக்கத்துக் கடைவாயில் அரைக் கரண்டி வைக்க வேண்டும். தொண்டைக் குமிழ் மேலே ஏறி இறங்குகிறதா என்று பார்த்து, வாய்க்குள் தங்கவில்லை என்று தெரிந்துகொண்ட பிறகுதான் அடுத்த அரைக் கரண்டி. நடுநடுவே பேச்சுக் கொடுக்க வேண்டும். குரலில் தண்ணீர் கொப்பளிக்கிற சத்தம் கேட்டால் நிறுத்திவிட வேண்டும். கொடுத்து முடித்ததும் சாய்த்துவிடக் கூடாது, உலை வைத்துச் சோறு வடிக்கிற நேரமாவது உட்கார்ந்தே இருக்க வேண்டும். நான் கூழில் கலந்து கொடுக்கலாமா என்று கேட்டேன். எந்த மருந்தை எதில் கலக்கலாம் என்று நீயாக முடிவு செய்யாதே, சிலது கலந்தால் கெட்டுப்போகும், ஒவ்வொரு மருந்துக்கும் கேட்டுவிட்டுச் செய் என்றார். தன் எதிரிலேயே என்னைக் கொடுக்கச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு அனுப்பினார். பாராட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

வீட்டில் அவருக்கென்று கை வைத்த மர நாற்காலி ஒன்று இருந்தது. அதில் உட்காரவைத்து, வலது பக்கம் ஒரு தலையணை முட்டுக் கொடுத்து, அப்படியே கொடுத்து வந்தேன். மருந்து ஒருபக்கம் கொடுக்கக் கொடுக்க, இன்னொரு பக்கம் அவர் என்னை முறைத்துக்கொண்டிருப்பார். வாய்க்காலில் வாய் வைத்துத் தண்ணீர் குடித்த மனுஷர், அரைக் கரண்டிக்குக் காத்துக்கொண்டிருப்பது அவருக்கு அவமானமாக இருந்தது. ஆனாலும் கேட்டுக்கொண்டார்.

கேட்டுக்கொள்ளாதவர் என் நாத்தனார்.

அவருடைய அக்கா. களமருதூரில் வாழ்க்கைப்பட்டவர். தம்பிக்கு இப்படி ஆகிவிட்டது என்று மூட்டை கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டார். பாசம் இல்லாதவர் என்று சொல்ல மாட்டேன். இவர் கைக்குழந்தையாக இருந்தபோதே என் மாமியார் போய்விட்டார். ஆட்டுப்பால் காய்ச்சி, வெள்ளிச் சங்கில் ஊற்றி இவரை வளர்த்தது அந்த அக்காதான். அந்தச் சங்கை எங்கே போனாலும் கொண்டுபோவார். எங்கள் வகையறாவில் எந்தக் குழந்தைக்கு விளக்கெண்ணெய் ஊற்றினாலும், வசம்பு உரைத்து ஊற்றினாலும் அவர் கைதான். காலை நீட்டி, குழந்தையைக் காலில் போட்டு, தலையைத் தாழ்த்தி, மூக்கை ஒரு நிமிட்டு நிமிட்டுவார். குழந்தை மூச்சுக்கு வாயைத் திறக்கும். சங்கு உள்ளே போகும். கை ராசிக்காரி என்று பெயர். எத்தனை குழந்தை அந்த ராசியில் நெஞ்சு கட்டிச் செத்ததோ, அதை யார் கணக்கு வைத்தார்கள்?

நான் கரண்டியோடு உட்காருகிறதைப் பார்த்தால் அவருக்கு வயிறு எரியும். தெருவில் போகிறவர்களைக் கூப்பிட்டுச் சொல்வார்.

"மருந்து குடுக்குறாளா, நாக்குல தேன் தடவுறாளா தெரியல. மலையடியில பொறந்தவ இல்லியா, அதான் கஞ்சியக்கூட அளந்து ஊத்துறா."

என் பிறந்த ஊர் கல்வராயன் மலை அடிவாரம். கல்யாணம் ஆன நாளிலிருந்து எனக்கு அந்த வீட்டில் அதுதான் வசவு. மழை பெய்தால் மலைக்காரி கொண்டு வந்தாள், குழம்பில் உப்பு கூடினால் மலைக்காரி கை. பழகிவிட்டது. ஆனால் தண்ணீர் கேட்டால் டம்ளரில் கொடுக்காமல் தம்பியைத் தாகத்தில் சாகடிக்கிறாள் என்று சொன்னபோது மட்டும் விடவில்லை.

"அண்ணி, நீங்க வளத்தது கொழந்தைய. இப்ப இருக்கிறது நோயாளி. ரெண்டும் ஒண்ணு இல்ல," என்றேன்.

"எனக்கு அவன் கொழந்ததாண்டி," என்றார்.

நான் கரண்டியைக் கழுவ எழுந்துவிட்டேன்.

ஒரு நாள் மத்தியானம் மாட்டுக்குப் புல் அறுக்கப் போனேன். மருந்து வேளைக்கு முன்னால் வந்துவிடுவேன், யாரும் எதுவும் கொடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுத்தான் போனேன். திரும்பி வரும்போது தெருமுனையிலேயே இருமல் சத்தம் கேட்டது. புல்லுக்கட்டைப் போட்டுவிட்டு ஓடினேன்.

நடுவீட்டில் நாத்தனார் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறார். ஆறடி ஆம்பிளையைத் தரையில் மல்லாத்தி, தலையைத் தொடையில் வைத்து, ஒரு கையில் சங்கு. ரோஸ் மருந்து மூக்கு வழியாக வந்து கன்னத்தில் ஓடியிருக்கிறது. அவர் முகம் கறுத்துப்போய், கண் மேலே செருகிக்கொண்டிருக்கிறது. அந்த அம்மா உச்சந்தலையில் தட்டித் தட்டி,

"ஒண்ணும் இல்லடா, யாரோ ஒன்ன நெனைச்சிக்கினு கீறாங்க," என்கிறார்.

நினைத்தவன் யார் என்று எனக்குத் தெரியும். எருமை மேல் வருகிறவன்.

நான் அந்த அம்மாவைப் பிடித்துத் தள்ளினேன். தள்ளினதற்கு இன்றுவரை வருத்தம் இல்லை. அவரைத் தூக்கி உட்காரவைத்து, முன்னால் குனியவைத்து, முதுகில் அடித்தேன். கொஞ்சம் கொஞ்சமாக மூச்சு வந்தது. ஆனால் அந்த மூச்சில் ஒரு சத்தமும் கூட வந்தது. அடுப்பில் கொள்ளு வேகிற மாதிரி உள்ளே கொதிக்கிற சத்தம். மறுநாள் விடியும்போது உடம்பு அனலாகக் கொதித்தது.

அந்த நாள் பார்த்துத்தான் சாலை மறியல். பெரிய ரோட்டில் நிழல் கொடுத்த புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்துவிட்டார்கள். பஸ் இல்லை, லாரி இல்லை, கார் இல்லை. எங்கேயோ சுட்டுவிட்டார்கள் என்று சேதி வந்துகொண்டிருந்தது. எங்கள் தெருவில் வண்டி வைத்திருந்தவர்களிடம் ஆள் அனுப்பினேன். மாட்டை அவிழ்க்க ஒருவரும் தயாராக இல்லை. ரோட்டைத் தாண்டி வண்டி எப்படிப் போகும் என்று கேட்டார்கள். அதுவும் உண்மைதான். கோபத்தை யார் மேல் காட்டுவது என்று தெரியாமல், அவரை நாற்காலியில் நிமிர்த்தி உட்காரவைத்து, வாய் ஓரத்தில் வடிகிற எச்சிலைத் துடைத்துக்கொண்டிருந்தேன். வாயில் எதுவும் கொடுக்கவில்லை. அந்த நிலைமையில் கொடுக்கக் கூடாது என்பது எனக்கு விளங்கியது.

பொழுது ஏற ஏற வீட்டில் சனம் சேர்ந்தது. பங்காளிகள், அக்கம்பக்கம். யாரும் அவர் எப்படி இருக்கிறார் என்று கேட்கவில்லை. வாசலில் செருப்பை விட்டுவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு, துக்கத்துக்கு வருகிற மாதிரி வந்தார்கள். பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. துணி அலசப் பின்பக்கம் போனேன். சுவரில் இரண்டு பச்சை மூங்கில் சாத்தியிருந்தது. அப்போதுதான் வெட்டியது, கணுவில் ஈரம்கூடக் காயவில்லை.

உள்ளே வந்தால், மூத்தார் நடுவீட்டில் உட்கார்ந்து எல்லாருக்கும் பொதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தார். "மேல்மூச்சு வாங்குது. இன்னிக்குத் தாண்டாது. ஆளுக்கு ஒரு வாய் பால ஊத்திடுங்க. ஏக்கத்தோட போவக் கூடாது."

எங்கள் பக்கத்தில் அது வழக்கம். உயிர் இழுத்துக்கொண்டு கிடந்தால், ரத்த சம்பந்தம் உள்ளவர்கள் வரிசையாக வந்து வாயில் பால் ஊற்றுவார்கள். ஊற்றினால் உயிர் நிம்மதியாகப் பிரியும் என்பார்கள். பிரியாமல் என்ன செய்யும்? விழுங்க முடியாத தொண்டையில் பத்து பேர் பால் ஊற்றினால், சாகப்போகாதவனும் செத்துத்தான் போவான். அவன் செத்ததும், பார்த்தாயா, பாலுக்குத்தான் காத்திருந்தது என்று கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். இதை நான் அதற்கு முன்னால் எத்தனையோ வீட்டில் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு என் வீட்டில் நின்று பார்த்தபோதுதான் அது என்ன என்று தெரிந்தது.

நாத்தனார் பாலைக் காய்ச்சி ஆற்றிக் கொண்டு வந்துவிட்டார். அதே வெள்ளிச் சங்கு.

"சாய்ச்சிப் படுக்கவைய்ங்க அவன," என்று பங்காளி ஒருத்தர் நாற்காலிக்கு வந்தார்.

நான் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்று, அவர் நெற்றியை ஒரு கையாலும் தாடையை ஒரு கையாலும் என் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். என்னைப் பிய்த்து எடுத்தால்தான் அவரைப் படுக்கவைக்க முடியும். பிறகு மூத்தாரைப் பார்த்தேன். நடுவில் பிள்ளையை வைக்கவில்லை, சுவரோரம் போகவில்லை.

"மாமா, அந்த மூங்கிலு யாருக்கு?" என்றேன்.

நான் நேராகப் பேசினதில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவருக்கும் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

"அது... மாட்டுக் கொட்டாய்க்கும்மா."

"உங்க மாட்டுக் கொட்டாய்க்கு எங்க வூட்டு செவுத்துலயா சாத்தி வைப்பீங்க?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டார். "ரோடு அடைச்சிருக்குது. நாங்க இன்னா வேணும்னா பண்றோம்? ஆஸ்பத்திரிக்குப் போவ வழி இல்ல."

"அடைச்சது யாரு மாமா? காலையில டீக்கடையில நின்னுக்கினு, எட்டு மரம் சாய்ச்சேன்னு சொன்னது நீங்கதான? எனக்குச் சேதி வராதுன்னு நெனைச்சீங்களா?"

யாரோ ஒரு பெண் பின்னாலிருந்து, பொம்பளைக்கு இவ்வளவு வாய் ஆகாது என்றாள். அவள் பக்கம் நான் திரும்பவில்லை. நாத்தனார் என் எதிரில் வந்து நின்றார். கண்ணீர் கொட்டுகிறது. கையில் சங்கு ஆடுகிறது, பால் தளும்புகிறது.

"ஒரே ஒரு சங்குடி. நான் வளத்த புள்ள. என் கையால ஒரு வாய் குடிக்காம போனா நான் இன்னா ஆவேன், சொல்லு."

அந்தக் குரலைக் கேட்டால் கல்லும் இளகும். நான் இளகவில்லை.

"அண்ணி, உள்ள கொதிக்குது பாருங்க, அது நேத்து இதே சங்குல நீங்க ஊத்துனதுதான். இன்னொரு சொட்டு உள்ள போச்சின்னா அது பாலு இல்ல, அவருக்கு நீங்க போடுற மண்ணு. அவரு செத்தா, விதின்னு சொல்லி அழ உங்களையெல்லாம் வுட மாட்டேன். நீங்கதான் ஊத்திக் கொன்னீங்கன்னு ஒவ்வொரு வூட்டு வாசல்லயும் போயி நின்னு சொல்லுவேன்."

அப்போதுதான் எனக்குத் தோன்றிற்று, இத்தனை பேரும் அவரை வைத்துக்கொண்டே அவர் சாவைப் பேசுகிறார்கள், அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கை கால் விழுந்தால் காதும் விழுந்துவிட்டதாக நினைப்பு. நான் குனிந்து, "இன்னாங்க, பாலு வேணுமா உங்களுக்கு?" என்று கேட்டேன்.

அவர் கண்ணைத் திறந்தார். நல்ல கையைத் தூக்கி, அக்கா நீட்டின சங்கைத் தட்டிவிட்டார். சங்கு தரையில் உருண்டது. கோணின வாயால், அரைகுறையாக, ஆனால் எல்லாருக்கும் விளங்கும்படி,

"சாவல," என்றார்.

அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு பால் பேச்சு நின்றது. நான் மூத்தாரிடம் சொன்னேன், பாடை தூக்க வந்த தோள் நாலு இருக்கிறது, கட்ட மூங்கிலும் இருக்கிறது, நாற்காலியைக் கட்டுங்கள் என்று. அவர் துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு எழுந்தார். அவமானமா, பயமா, எனக்குத் தெரியாது, வேண்டியதும் இல்லை. நாற்காலிக் கைக்கு அடியில் இரண்டு மூங்கிலையும் கொடுத்துக் கயிற்றால் இறுக்கினார்கள். என் வீட்டுக்காரரை ஒரு வேட்டியால் மார்போடு சாய்மானத்தில் கட்டினேன். தலை பின்னால் சாயாமல் பிடித்துக்கொண்டு நான் பக்கத்தில் நடந்தேன். முன்னால் இரண்டு பேர், பின்னால் இரண்டு பேர். மூத்தாரும் ஒரு தோள் கொடுத்தார். உற்சவத்துக்குச் சாமி புறப்படுகிற மாதிரி இருந்தது. எதிரில் வந்த கிழவி ஒருத்தி நிஜமாகவே கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

வரப்பு வழியாக நடந்து ரோட்டைத் தொட்டோம். கண்ணுக்கு எட்டின மட்டும் புளியமரம் கிடக்கிறது, இலையெல்லாம் வாடி, பிஞ்சுக் காயோடு. பிள்ளைகள் கொடியோடு மரத்து மேல் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தன் இறங்கி வந்து, "பொணமா?" என்று கேட்டான். பிணம் என்றால் விடுவார்கள் போல.

"உசுரு," என்றேன்.

உயிராக இருந்தால் விடலாமா கூடாதா என்று அவர்களுக்குள் ஒரு பேச்சு ஓடியது. நான் மூத்தாரைப் பார்த்தேன். காலையில் அவர்களோடு கோடாலி பிடித்தவர் அவர். தொண்டையைச் செருமிக்கொண்டு, என் தம்பிடா, தூக்கி வுடுங்கடா என்றார். அந்தப் பிள்ளைகளே குதித்து வந்து, மரத்துக்கு இந்தப் பக்கம் நாலு பேர், அந்தப் பக்கம் நாலு பேர் நின்று நாற்காலியை வாங்கிக்கொண்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். சொன்னதும் செய்தார்கள். சொல்ல வேண்டியவர்தான் அதுவரைக்கும் என் வீட்டில் உட்கார்ந்து பாலுக்கு ஆள் சேர்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு மரத்துக்கும் இப்படி இறக்கி ஏற்றி, கள்ளக்குறிச்சி போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. வழி முழுக்க அந்த மூச்சுச் சத்தத்தையே கேட்டுக்கொண்டு நடந்தேன். நின்றுவிடுமோ என்று பயம். நிற்கவில்லை.

அதே டாக்டரம்மாதான் இருந்தார். காதுக்குழாயை நெஞ்சில் வைத்துக் கேட்டார், முகம் மாறிவிட்டது. மருந்து நுரையீரலுக்குப் போயிருக்கிறது என்றார்.

"யாரு படுக்கவச்சுக் குடுத்தது?"

நாத்தனாரும் எங்கள் பின்னால் அழுதுகொண்டே நடந்து வந்திருந்தார். கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்றவர் தரையைப் பார்த்தார். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நாத்தனாருக்குக் கிடைத்திருக்க வேண்டியது கிடைத்திருக்கும். ஆனால் வெளியாள் எதிரில் என் வீட்டை நான் காட்டிக்கொடுத்ததில்லை. திட்டு மறுபடியும் எனக்கே விழுந்தது. இத்தனை சொல்லிக் கொடுத்தும் புத்தி இல்லையா என்றார். அந்த ஒரு பேச்சுதான் இன்றைக்கும் உள்ளே முள்ளாகக் கிடக்கிறது. ஊசி போட்டு, மூக்கில் குழாய் வைத்து, அதன் வழியாகவே கொஞ்ச நாள் கஞ்சியும் மருந்தும் கொடுத்தார்கள். காய்ச்சல் மெல்ல இறங்கிற்று. கொதிக்கிற சத்தமும் அடங்கிற்று.

பிழைத்துக்கொண்டார். தடி ஊன்றி நடந்தார். மூன்று மகள்களுக்கு மாப்பிள்ளை பார்த்தார். விழுங்குவதும் வர வர நேரானது. ஆனாலும் அவர் இருந்த வரைக்கும் மருந்து என் கையால், நிமிர்ந்து உட்கார்ந்து, அரை அரைக் கரண்டியாகத்தான். அதற்கு அவர் ஒரு நாளும் எனக்கு நன்றி சொன்னதில்லை. கசப்பு என்று முகத்தைச் சுளிப்பார், அவ்வளவுதான். உண்மையாகவே அவர் போன அன்று, தூக்கத்தில் போனார். எல்லாம் முடிந்த பிறகு விரலில் பாலைத் தொட்டு உதட்டில் வைத்தேன்.

நாத்தனார் அதற்குப் பிறகும் பொங்கலுக்கு வருவார், சாப்பிடுவார், தம்பி பக்கத்தில் உட்கார்ந்து பழங்கதை பேசுவார். தப்பு என்று ஒருமுறைகூட அவர் வாயிலிருந்து வரவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் அழுவார், அழுதால் நான் இறங்கிவிடுவேன். அவர் போய்ச் சேர்ந்தும் ரொம்ப வருஷம் ஆகிறது. நான் இன்னும் இறங்கவில்லை.

இப்போது ரோடெல்லாம் அகலமாகிவிட்டது. கூப்பிட்டால் ஆம்புலன்ஸ் வருகிறது. மருந்துக் கடை தெருவுக்கு ஒன்று. ஆனால் கடையில் கொடுக்கிறவர்கள் காலை ஒன்று, ராத்திரி ஒன்று என்பதோடு சரி. எப்படிக் கொடுப்பது என்று யாரும் சொல்வதில்லை, வாங்குகிறவனும் கேட்பதில்லை. வாய் இருக்கிறது, ஊற்று என்று நினைத்துக்கொள்கிறார்கள். இருமினால் தலையில் தட்டுகிறார்கள். செத்தால் விதி. அந்த விதிக்குக் கை இருக்கிறது, கையில் மூடியோ டம்ளரோ இருக்கிறது. அந்தக் கையைப் பிடித்து நிறுத்த வீட்டுக்கு ஒரு ஆள் வேண்டும். பெயர் கெட்டாலும் பரவாயில்லை என்று நிற்கிற ஆளாக இருக்க வேண்டும். எனக்கு மலைக்காரி, வாய்க்காரி, மூத்தாரை எதிர்த்தவள் என்று எல்லாப் பெயரும் வந்தது. வரட்டும். என் வீட்டுக்காரர் இருந்தார்.

இதையெல்லாம் நான் சொல்லச் சொல்ல எழுதியது என் கடைசி மகன் பெண். கடைசிப் பக்கம் வந்ததும் பேனாவை மூடாமல் என்னையே பார்த்தாள்.

"ஆயா, களமருதூர் ஆளுங்க படிச்சா சண்டைக்கு வருவாங்க. அந்தச் சங்கு விஷயத்த கொஞ்சம் கம்மி பண்ணிக்கிட்டா?"

"நீ ஏற்கெனவே கம்மி பண்ணிட்டியா?"

தாளைப் புரட்டினாள். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"மொதல்லருந்து படிடி," என்றேன். "நெறுத்தி நெறுத்திப் படி. எந்த எடத்துல நீ எடுத்தேன்னு நான் சொல்றேன்."